நுரையீரல் திறந்த பாத்திரமா?



'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. ஒருவர் கதை நடத்துவார். அவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர், சுருக்கமாக டி.எம். மற்றவர்கள் மந்திரவாதி, வீரன், பூசாரி என்று ஆளுக்கொரு வேடம். காரியம் நடந்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும். ஆனா பூதத்தோடு போடுற சண்டையைவிட மந்திர விதிக்கு என்ன அர்த்தம் என்று போடுற சண்டைதான் அதிகம்!

ஒரு உதாரணம். தண்ணீர் வரவழைக்கும் மந்திரம் ஒன்று உண்டு. 'திறந்த பாத்திரத்தில் 10 காலன் வரை நல்ல தண்ணீர் உண்டாகும்' என்பது 2014 பதிப்பின் விதி. உடனே ஒருத்தன் கிளம்புவான்: "அரக்கன் வாயைத் திறந்துதானே இருக்கான்? நுரையீரலும் திறந்த பாத்திரம்தான். அதுக்குள்ளே ஊத்துறேன், ஆள் காலி!"

கேட்க ஜோராத்தான் இருக்கு. ஆனால் மந்திரம் என்ன செய்யும் என்று எழுதியிருக்கிறதோ அதை மட்டும்தான் செய்யும் என்பது என் கட்சி. ஆளைக் கொல்லும் மந்திரம் என்றால் எவ்வளவு சேதம், எப்படித் தப்பலாம் என்று விதியிலேயே இருக்கும். இதில் அது ஒன்றும் இல்லை. இன்னும் சந்தேகமா? அடுத்த வாரம் எதிரிப் பூசாரி உன் நுரையீரலில் தண்ணீர் ஊற்றினால் ஒத்துக்குவியா என்று கேளுங்கள். கப்சிப்!

மந்திரத்தின் பெயரை வைத்து வாதாடுவதும் வேண்டாம். 'சில் டச்' என்று ஒன்று. பெயரைக் கேட்டால் குளிர்ந்த கையால் தொடுவது போல இருக்கும். 2014 புத்தகத்தில் அதில் குளிர்ச் சேதமும் இல்லை, தொடவும் வேண்டாம், 120 அடி தூரத்திலிருந்தே ஏவலாம்! 2024 திருத்தத்தில்தான் தொட்டால் மட்டும் வேலை செய்யும் என்று மாற்றினார்கள்.

அப்போ எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் போதுமா? அதுவும் போதாது. 2014 விதியில் மறைந்திருப்பவன் பற்றி இரண்டு வரிகள் தனித்தனியாக இருந்தன. ஒன்று, அவனைச் சாதாரணக் கண்ணால் பார்க்க முடியாது. இன்னொன்று, அவனைத் தாக்கினால் இரண்டு பகடை உருட்டிக் குறைந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். எழுத்துப்படி பார்த்தால், மறைந்தவரைக் காணும் மந்திரம் போட்டு அவனை நேருக்கு நேர் பார்த்தாலும் இரண்டாவது வரி அப்படியே நிற்கும். இது என்ன கூத்து? பார்க்கிறவனுக்கு எதற்குத் தண்டனை? 2024-ல், பார்க்க முடிந்தவரிடம் இந்தச் சலுகை செல்லாது என்று சேர்த்துவிட்டார்கள். ஆக, புத்தகம் எழுதியவர்களே பத்து வருஷம் கழித்துத் திருத்தியிருக்கிறார்கள். அதுவரை சரியான தீர்ப்பு டி.எம். கையில்தான் இருந்தது.

கணக்கு சார் ரசிக்க ஒரு விஷயம். 1978 புத்தகத்தில் நெருப்புப் பந்து கிட்டத்தட்ட 33,000 கன அடி இடத்தை நிரப்பும். 20 அடி ஆரமுள்ள கோளத்தின் கன அளவுதான் அது, போட்டுப் பாருங்கள். அதை 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள சுரங்கத்தில் எறிந்தால்? 330 அடி நீளத்துக்கு நெருப்பு ஓடும். எறிந்தவனே சாம்பல்! 2014 பதிப்பில் இடத்தை நிரப்பும் கணக்கு இல்லை, 20 அடி ஆரத்தோடு நின்றுவிடும். எந்தப் பதிப்பு என்று முதலிலேயே பேசிவைக்காவிட்டால் இரண்டு பேருமே சரி, இரண்டு பேருமே தப்பு.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. இந்தப் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. வேகமாகப் படித்துக் கடகடவென்று பேசுகிறவன் சொன்னதே சட்டமாகிவிடுகிறது. இங்கிலீஷ் தடுமாறுகிறவன் நல்ல யோசனை வைத்திருந்தாலும் "சரி, விடுடா" என்று உட்கார்ந்துவிடுகிறான். நாலு வாரத்தில் விளையாடவே வருவதில்லை. எல்லோரும் விதி வக்கீலைத் திட்டுகிறார்கள். தனக்கு எதிராக வரும் விதியையும் எடுத்துச் சொல்கிற வக்கீல் இருந்தால் நான் கைகூப்பி வரவேற்பேன். சாதகமானதை மட்டும் வாசிக்கிறவன்தான் தொல்லை.

ஆகவே டி.எம்.களுக்கு நான் சொல்வது: சந்தேகம் வந்தால் அந்த வரியைச் சத்தமாகப் படித்து, தமிழில் சொல்லுங்கள். பேசாதவனையும் கேளுங்கள். பகடை உருளும் முன்பே முடிவைச் சொல்லுங்கள், உருண்ட பிறகு சொன்னால் அது பாரபட்சம்தான். முடிவை ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த தடவை பூதத்துக்கும் அதே விதி.

2023 ஜனவரியில் இதன் அடிப்படை விதித் தொகுப்பை யாரும் பயன்படுத்தலாம் என்று இலவசமாக வெளியிட்டார்கள். மேலே சொன்ன தண்ணீர் மந்திரம், நெருப்புப் பந்து எல்லாம் அதில் இருக்கின்றன. மந்திரப் பகுதியை மட்டும் நாலைந்து பேர் பிரித்துக்கொண்டு தமிழில் எழுதினால், நூலக ஆசிரியை அனுமதித்தால், ஒரு பிரதி நூலகத்தில் வைக்கலாம். நெருப்புப் பந்தை நான் எழுதுகிறேன். மற்றதுக்கு யார் வர்றீங்க?

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு