ஒரு மெய்யெழுத்தின் மரியாதை

"காதலிக்க நேரமில்லை" படத்தைக் கண்டு சிரிப்பது தொழிலாளிக்குத் தகுமா என்று அயனம்பாக்கம் தோழர்கள் கேட்கின்றனர். தகும், தோழர்களே! வயிறு குலுங்கச் சிரியுங்கள். எதைக் கண்டு சிரிக்கிறோம் என்பதையும் சற்றே எண்ணிப் பாருங்கள்.

1964 பிப்ரவரியில் வெளிவந்த படம் அது. உங்கள் ஊருக்கு அருகே அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்த ஆண்டும் அதுவே. "கல்யாண பரிசு", "நெஞ்சில் ஓர் ஆலயம்" என்று தமிழகத்தை அழவைத்த ஸ்ரீதர், சித்ராலயா கோபுவோடு சேர்ந்து, சிரிப்பதற்கென்றே ஒரு வண்ணப் படம் எடுத்தார். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, வில்லனும் இல்லை!

கதையின் தொடக்கம் என்ன? எஸ்டேட் முதலாளி விசுவநாதன். அவரிடம் வேலை பார்க்கும் இளைஞன் அசோக். முதலாளியின் மகள்களோடு ஒரு சச்சரவு. போயிற்று வேலை! விசாரணை உண்டா? நோட்டீஸ் உண்டா? ஒன்றுமில்லை. அசோக் அழுதானில்லை, காலில் விழுந்தானில்லை. பங்களாவுக்கு எதிரே கூடாரம் அடித்தான். முதலாளியைப் பேர் சொல்லி அழைத்தே வேலை கேட்டுப் பாடினான்! ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும் அந்தக் காட்சியின் ருசி.

அதன்பின்? முதலாளி மகள்மீது காதல். கோடீசுவரன் வீட்டுப் பிள்ளை என்று ஒரு புளுகு. நண்பனுக்குக் கிழவர் வேடம் போட்டு, இவர்தாம் என் தந்தை என்று கொண்டுவந்து நிறுத்துகிறான். நேற்றுவரை அசோக் என்றிருந்தவன், பணக்காரன் என்றதும் பாலையாவின் வாயில் "அசோகர்" ஆகிறான். மகன் என்ற சொல்லும் "மகர்" ஆகிவிடுகிறது! மேடையில் ஒரு மணி நேரம் நாம் முழங்குவதை, அந்த நடிகர் ஒரு மெய்யெழுத்தில் முடித்துவிட்டார்.

அவ்வளவு தூரம் வந்த படம் அங்கேயே நின்றுவிட்டது என்பதுதான் நம் குறை. வேலைப் பேச்சு காதல் பேச்சில் கரைந்துபோகிறது. நீக்கப்பட்டவன் மாப்பிள்ளையானால் வழக்குத் தீர்ந்ததாம்! ஆயிரம் பேரை நீக்கினால் முதலாளி ஆயிரம் மகள்களுக்கு எங்கே போவார்? படித்துப் பட்டணத்திலிருந்து வந்த அந்தப் பெண்களுக்கும் பாட்டும் காதலும் தவிரப் படம் வேறு வேலை கொடுக்கவில்லை.

நாகேஷை மறந்து எழுதினால் தோழர்கள் மன்னிக்கமாட்டார்கள். கையில் காசில்லை, கதையுமில்லை. "ஓஹோ புரொடக்ஷன்ஸ்" மட்டும் உண்டு! அப்பனை உட்காரவைத்துப் பேய்க்கதை சொல்கிறாரே, அங்கே கைதட்டல் நாகேஷுக்குப் போகிறது. போகட்டும், உரியதுதான். 1966-இல் இந்திக்குப் போனபோது அதே வேடத்தில் மெகமூதும் பரிசு பெற்றார். ஆனால் அடுத்தமுறை பார்க்கும்போது கதை கேட்பவரின் முகத்தைக் கவனியுங்கள். பேச அதிகமில்லாமல், பயந்து பயந்தே, பாதிச் சிரிப்பைப் பாலையா தட்டிக்கொண்டு போகிறார்.