இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி மோதினால்... பேசி முடிச்சுடாதீங்க!

சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசி - குற்றாலம் சாலையில் சென்னை, மதுரை, கொல்லம் என எல்லா ஊர் வண்டியும் வரிசைகட்டும். அதில் ஒன்று உங்கள் கார்மீது மோதி, உங்கள் மனைவிக்குக் கை முறிந்துவிட்டது என்று வையுங்கள். எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால், மோதிய வண்டியின் இன்ஷூரன்ஸ் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போ யாரிடம் நஷ்டஈடு கேட்பது?

முதல் சிகிச்சைக்குப் பதற வேண்டாம். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், முதல் 48 மணி நேரச் செலவை வரம்புக்கு உட்பட்டு அரசே ஏற்கிறது. கேரளாக்காரருக்கும் உண்டு.

சிக்கல் அதற்குப் பிறகுதான். எதிர்த்தரப்பு பத்தாயிரத்தை நீட்டி, "ஸ்டேஷன் எதுக்கு சார், பேசி முடிச்சுக்கலாம்" என்பார். ஊர் திரும்பும் அவசரத்தில் நாமும் தலையாட்டிடுவோம். பிளேட் வைக்கணும் என்று டாக்டர் சொல்லும்போது அந்த வண்டி எங்கே இருக்குமோ!

இன்ஷூரன்ஸ் கம்பெனியே இல்லாத வழக்கில், கைக்கு எட்டும் சொத்து பெரும்பாலும் அந்த வண்டிதான். 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மத்திய விதிகளின்படி, நஷ்டஈட்டுக்குப் போதுமான ஜாமீன் கட்டாமல் அதைக் கோர்ட் விடுவிக்கக் கூடாது. கட்டாவிட்டால், போலீஸ் வண்டியைக் கைப்பற்றிய மூன்று மாதம் கழித்துப் பொது ஏலம். பணம் தீர்ப்பாயத்தில் டெபாசிட் ஆகும். உச்ச நீதிமன்றமும் 2018-ல் இதையே வலியுறுத்தியது. ஆனால், தானா நடக்கும்னு உட்கார்ந்திருக்காதீங்க. வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆட்சேபனை போடுங்கள். அதற்கு சி.எஸ்.ஆர் ரசீது போதாது, எஃப்.ஐ.ஆர் வேண்டும். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பியும் வாங்கிக்கோங்க.

பழைய பைக் என்றால் ஏலத்தில் என்ன வந்துவிடும் என்கிறீர்களா? நியாயம்தான். மீதியை உரிமையாளர் தர மறுத்தால், தீர்ப்பாயத்தின் சான்றிதழை வைத்து, நிலவரி பாக்கியைப்போல கலெக்டர் வசூலிக்க முடியும். "வண்டியை எப்பவோ வித்துட்டேன்" என்பதும் செல்லாது, ஆர்.சி-யில் யார் பெயரோ அவரே பொறுப்பு. (இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு முதல் தடவை அபராதம் 2,000 ரூபாய்தான். இதுக்கு யார் பயப்படுவாங்க?)

வாய்தாவுக்கு வாய்தா தென்காசிக்கு பஸ் ஏறவும் வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். சட்டத்தில் உள்ள கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அதை நம்பி நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்.