உரசல் புண்: வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்!

தோட்டத்தில் ஏற்படும் உடல் கேடுகள் என்றால் பாம்புக் கடி, செம்பனை முள் குத்து, உளி வெட்டு, தலைக்கு மேலிருந்து விழும் குலை ஆகியவைதாம் உடனே நம் நினைவுக்கு வருகின்றன. இவை நடந்தால் நாலு பேர் ஓடி வருவார்கள்; மண்டோரிடம் சொல்வார்கள்; கிளினிக்குக்கு வண்டி போகும். ஆனால் யாரிடமும் சொல்லாமல், காலை அகட்டி அகட்டி நடந்தே வேலையை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பல்லைக் கடிக்கும் வேதனை ஒன்றும் உண்டு. தொடை இடுக்கிலும் அக்குளிலும் மார்புக்கு அடியிலும் தோல் உரசி உரசி உண்டாகும் புண்தான் அது.

"ஏன் ஒரு மாதிரியா நடக்கிறே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லே, சுளுக்கு" என்று பதில் வரும். ஆண்கள் கேலிக்கு அஞ்சிச் சொல்வதில்லை. பெண்கள் கூச்சத்தால் சொல்வதில்லை. இரண்டு மூன்று நாளில் ஆற வேண்டிய புண்ணை இரண்டு மூன்று வாரத்துக்கு இழுத்துவிடுவது இந்த மௌனந்தான். உழைக்கிற உடம்பு வியர்க்கத்தான் செய்யும். வியர்த்த தோல் உரசத்தான் செய்யும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆகவே இன்று இதைப் பற்றி நாம் வெளிப்படையாகவே பேச விரும்புகிறோம்.

எதனால் வருகிறது?

காய்ந்த தோல் ஒன்றோடொன்று வழுக்கிப் போகும். ஈரத் தோல் அப்படியல்ல. ஊறி மென்மையாகி, ஒட்டி இழுக்கும். நம் நாட்டு வெயிலோ உடம்பைக் காயவே விடாத புழுக்கம் கலந்த வெயில். விடியற்காலையில் லாலான் புல்லில் நடந்தாலே பனித்தண்ணீர் முழங்கால்வரை சிலுவாரை நனைத்துவிடுகிறது. பிறகு வியர்வை. அந்த வியர்வை காய்ந்தால் உப்பு தங்குகிறது. நனைந்த துணியும் உப்பும் சேர்ந்து மணல் காகிதம்போல் தோலைத் தேய்க்கின்றன.

பால்மரத் தொழிலாளர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. துணியில் தெறித்த பால் காய்ந்து விறைப்பாகி உரசும். பால் உறையாமல் இருக்க ஊற்றும் அமோனியாவும் பட்ட தோலை எரிக்கும். செம்பனைக் காட்டில் குலை ஏற்றிய தள்ளுவண்டியோடு மேடு பள்ளம் ஏறி இறங்குபவருக்குத் தொடையும், உயர ரப்பர் சப்பாத்தின் விளிம்பு படும் கெண்டைக்காலும் புண்ணாகும். கொசுவுக்கும் முள்ளுக்கும் பயந்து ரவிக்கைமேல் நீளக்கைச் சட்டை, சிலுவார்மேல் கைலி என்று அடுக்கடுக்காக உடுத்தும் பெண்களுக்கு அக்குளும் மார்பின் அடிப்பகுதியும் காற்றே படாமல் வெந்துபோகும். பருத்த உடம்புக்காரருக்கு இது அதிகம். ஆனால் ஒல்லியானவர்களுக்கு வராது என்று எண்ண வேண்டாம்.

வராமல் தடுப்பது எப்படி?

முதலாவது, காய்ந்த துணி. நேற்றைய வேலைத் துணியை வாசல் கொடியில் போட்டுவிட்டு, அரை ஈரத்தோடு இன்று காலை மாட்டிக்கொள்வது பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. வேலைத் துணி குறைந்தது இரண்டு ஜோடி வேண்டும். சோப்புத் தூள் நுரை போகும்வரை நன்றாக அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். அலசாமல் விட்ட தூளே வியர்வையில் கரைந்து தோலை அரிக்கும்.

இரண்டாவது, உள்ளே போடும் துணி. தொடைகள் உரசுகிறவர்கள் முழங்காலுக்குச் சற்று மேல்வரை வரும், உடம்போடு ஒட்டிய உள் காற்சட்டை அணிந்தால் தோலோடு தோல் படாது. பெண்கள் கைலிக்கோ பாவாடைக்கோ உள்ளேயும் இதை அணியலாம். பந்து விளையாடுகிறவர்கள் போடும் விரைவில் உலரும் துணி இதற்கு ஏற்றது. பருத்தி நல்லதுதான், ஆனால் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்தி உடுத்துகிறவர்கள் பாதி வேலையில் மாற்றிக்கொள்ள இன்னொன்று கொண்டு போகட்டும். தையல் தடிப்பு குத்தினால் உள் துணியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். யார் பார்க்கப் போகிறார்கள்?

மூன்றாவது, வாசலின். வேலைக்குக் கிளம்புமுன் உரசும் இடங்களில் மெல்லிய படலமாகத் தடவினால் தோல் வழுக்கிப் போகும். தேங்காய் எண்ணெயும் உதவும், ஆனால் சீக்கிரம் வழிந்துவிடும். பத்து மணிக்கு இன்னொரு முறை தடவ வேண்டியிருக்கும். பவுடரை அள்ளிக் கொட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் பலர். வியர்வையில் அது கூழாகி மடிப்பில் கட்டியாகத் தங்கிவிடும். உரசலைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

நான்காவது, வேலை முடிந்ததும் குளியல். நனைந்த துணியோடு கடையில் நின்று பேசிவிட்டு மாலையில் குளிக்கலாம் என்று தள்ளிப் போடக் கூடாது.

புண் வந்துவிட்டால்

சூடில்லாத சுத்தமான தண்ணீரில், காரமில்லாத சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பத்து நிமிடம் விசிறிக் காற்றுப் படட்டும். பிறகு வாசலினோ, குழந்தைகளின் நாப்கின் புண்ணுக்குப் பூசும் ஸிங்க் களிம்போ தடவுங்கள். இரவில் தளர்ந்த கைலி போதும். காலையிலும் மாலையிலும் இப்படிச் செய்தால் சாதாரணப் புண் சில நாளில் அடங்கிவிடும்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். "எரிஞ்சாத்தான் ஆறும்" என்று பச்சைப் புண்ணில் கோடாலித் தைலம், எலுமிச்சை, உப்புத்தண்ணீர், தண்ணீர் கலக்காத டெட்டால் இவற்றைப் போடாதீர்கள். எரிச்சல் என்பது தோல் மேலும் கெடுவதன் அடையாளமே. பாசார் மாலாமில் பெயர் தெரியாத டப்பாவில் விற்கும் 'எல்லாத்துக்கும் ஒரே களிம்பு' இன்னும் ஆபத்தானது. அவற்றில் சிலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். இரண்டு நாள் அரிப்பு நின்றதுபோல் இருக்கும். அடியில் படர்தாமரை பரவும். தோல் மெலிந்து கோடு கோடாக வெடிக்கும். நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்தின் உறையில் 'மால்' என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாததைத் தொடாதீர்கள்.

புண் ஒரு வாரத்தில் ஆறாவிட்டால், சீழோ காய்ச்சலோ வந்தால், சிவப்பு பரவினால், ஓரம் வளையமாகத் தடித்தால், சுற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பினால், அது வெறும் உரசல் அல்ல. உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம்.

இரண்டு எச்சரிக்கைகள்

மடிப்புகளில் புண் ஆறி ஆறித் திரும்ப வருகிறதா? இனிப்பு நீர் இருக்கிறதா என்று இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. இனங்களில் இந்தியர்களிடையேதான் இது மிக அதிகம். தொடையில் வந்த புண் உள்ளே இருக்கும் பெரிய நோயைக் காட்டிக் கொடுக்கலாம். அதை மறைத்தால் நோயையும் சேர்த்தே மறைக்கிறோம்.

அடுத்த எச்சரிக்கை மருந்து அடிக்கிறவர்களுக்கு. நல்ல தோல் ஒரு வேலி. உரசிப் புண்ணான தோலோ திறந்துபோட்ட வாசல். முதுகில் சுமக்கும் பம்பு ஒழுகி, இடுப்பிலும் தொடையிலும் வழியும் களைக்கொல்லி அந்த வாசல் வழியாக உடம்புக்குள் போகிறது. பாராகுவாட் மருந்து இப்படித் தோல் புண் வழியாகவே ஆளைக் கொல்லக்கூடியது. அந்த மருந்து நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது என்பது மகிழ்ச்சியே. ஆனால் இன்று அடிக்கும் மருந்துகள் பன்னீர் அல்லவே! தோலில் புண் இருக்கும் நாட்களில் மருந்து அடிக்கும் வேலை வேண்டாம் என்று மண்டோரிடம் சொல்லுங்கள். "எங்கே புண்?" என்று அவர் கேட்டால் கூசாமல் சொல்லுங்கள்.

நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும்

தொழிலாளி மட்டும் கவனமாக இருந்தால் போதாது. 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருள்களுக்கு முதலாளி காசு பிடிக்க முடியாது. ஒழுகாத பம்பும், முதுகையும் காலையும் மறைக்கும் மேலுடையும் தர்மம் அல்ல, கடமை. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் வீடுகளுக்கு இலவசக் குழாய்த் தண்ணீர் வழங்கச் சொல்கிறது. தண்ணீர் ஒழுங்காக வராத லயத்தில் "குளித்துச் சுத்தமாக இருங்கள்" என்று போதிப்பதில் பயன் என்ன? பாதி வேலையில் துணி மாற்ற, பெண்களுக்கு நாலு பக்கமும் மறைத்த ஓர் இடத்தை ஒவ்வொரு வெளிக்காட்டிலும் ஒதுக்கித் தருவது நிர்வாகங்களுக்குப் பெரிய செலவாகிவிடாது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தோட்டக் கிளைகள் இந்தக் கோரிக்கைகளைக் கேட்டுப் பெற வேண்டும். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் இதைச் சொல்லப் பெண்கள் தயங்குவார்கள். ஆதலால் கிளையில் உள்ள மகளிர் பொறுப்பாளர்கள் வீடு வீடாகப் போய் விசாரிப்பது நல்லது.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். கணவன் நடையை மனைவியும், அம்மா நடையை மகளும் கவனிக்கட்டும். "என்னம்மா, எங்க வலிக்குது?" என்று ஒரு வார்த்தை அன்பாகக் கேட்டால் பாதி நோய் அங்கேயே வெளிப்பட்டுவிடும். சுவர் இருந்தால்தான் சித்திரம். பாட்டாளிக்கு உடம்புதான் சுவர். அந்தச் சுவரில் விழும் சின்ன விரிசலையும் அன்றைக்கே பார்த்து அடைத்துக்கொள்வோமாக.