சுட்டுமுன் பெயர் சொல்லுக!

இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருங்கு வருமிடத்துச் சுட்டினை முன்னிறுத்தாது இயற்பெயரையே முற்கூறுதல் வேண்டும் என்பது, தொல்காப்பியர் சொல்லதிகாரத்துள் வகுத்த நெறி. ‘நம்பி வந்தான், அவனுக்கு நீர் கொடு’ என்பதே தமிழ். பெயர் அறியாதானிடம் ‘அவன்’ என்றால் அவன் எவனைக் காண்பான்?

இந்நெறியை இணையத்தில் தமிழரே மறந்து நிற்கின்றனர். தம் ஊர் வரலாற்றைத் தொகுத்து வலைத்தளம் அமைக்கும் இளைஞர், பிற தளத்தாரிடம் தொடுப்பு வேண்டும்பொழுது முகவரியை மட்டுமே விடுக்கின்றனர். அவர்களும் ‘இங்கே சொடுக்குக’ என்றோ, ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயரை இட்டோ தொடுத்து விடுகின்றனர். தொடுப்புக் கிடைத்தது, பெயர் போயிற்று!

தொடுப்பில் அமையும் சொல் வெறும் ஒப்பனை அன்று. கூகுளை நிறுவிய இலாரி பேச்சும் செர்கே பிரினும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுரையிலேயே, தொடுப்புச் சொற்களை அவை சுட்டும் பக்கத்தோடும் சேர்த்து எண்ணுவதாகக் கூறினர். அஃதாவது, ஒரு பக்கத்தைப் பிறர் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதும் தேடுபொறிக்குச் சான்றாகின்றது. இதன் வலிமையை உலகம் கண்டது. ‘இரங்கத்தக்க தோல்வி’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரால் அமெரிக்கத் தலைவர் புசுவின் பக்கத்தைப் பலரும் தொடுத்தமையால், 2003-இல் அத்தொடரைத் தேடினார்க்கு அப்பக்கமே முதலில் வந்து நின்றது. 2007-இல்தான் கூகுள் அதனைச் சீர்செய்தது. இகழ்வார் சொல்லுக்கே இத்துணை ஆற்றல் உண்டெனில், உரியவர் தம் பெயரைக் கேட்டுப் பெறாமல் இருப்பது மடமையன்றோ?

புதுவையின் நாட்டுப்புறத்தைப் பார்க்க. வில்லியனூரைப் பிரஞ்சியர் ‘வில்லெனூர்’ என எழுதினர். ஆங்கிலத்தார் வேறாக எழுத்துக் கூட்டினர். பாகூரையும் உரோம எழுத்தில் ஓர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதுவர். அவ்வெழுத்தில் ஓர் ஊர் பலவாகச் சிதறுகின்றது; தமிழில் எழுதினால் வில்லியனூர் ஒன்றே, பாகூர் ஒன்றே.

9-ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், பாகூரிலிருந்த கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. அதனைப் பற்றி ஒருவர் பக்கம் அமைத்தால், பிற தளத்தார்க்கு எழுதும் மடலில், “பாகூர்ச் செப்பேடு கூறும் கல்விக்கொடை என்னும் சொற்களில் தொடுப்பு அளித்து உதவுக” எனத் தெளிவாகக் கேட்க வேண்டும். எந்தக் கட்டுரையில், எவ்விடத்தில் அது பொருந்தும் என்பதையும் குறித்தல் நன்று. தொடுப்பவர் தம் நடைக்கேற்பச் சிறிது மாற்றினும் தாழ்வில்லை. பெயர் தமிழில் நின்றால் போதும்.

இதிலும் அளவு வேண்டும். எல்லாரிடமும் ஒரே தொடரைத் திணிப்பதும், பணம் கொடுத்துத் தொடுப்பு வாங்குவதும் கேடு பயக்கும். 2012 ஏப்பிரலில் கூகுள் புகுத்திய ‘பெங்குவின்’ என்னும் மாற்றம், அத்தகைய போலித் தொடுப்புகளால் ஏறிய பக்கங்களைக் கீழே தள்ளியது. பக்கத்தில் உள்ளதையே சொல் கூற வேண்டும். சுருங்கவும் கூற வேண்டும்.

தேடுபொறியினும் பெரிது மாந்தர் நலம். கண்பார்வை இல்லாதார், திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளால் ஒரு பக்கத்தின் தொடுப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பதுண்டு. பத்துத் தொடுப்பும் ‘இங்கே, இங்கே’ என ஒலித்தால் அவர் எங்கே போவார்? பெயர் சொன்னால் வழி தெரியும்.

ஆகலின், தளம் நடத்தும் தமிழ் இளைஞர் இரண்டு செய்க: பிறரிடம் தொடுப்புக் கேட்குங்கால் சொல்லையும் சேர்த்துக் கேட்க, பிறர்க்குத் தொடுப்பு அளிக்குங்கால் அவர் பெயரைத் தமிழில் எழுதி அளிக்க. இதற்கு அரசாணை வேண்டா, பொருட்செலவும் இல்லை. தம் ஊரைத் தமிழால் அழையுங்கள் என்று கேட்கும் துணிவு ஒன்றே வேண்டும். கேளாதவன் ஊருக்கு அயலான் இட்டதே பெயராகும்!