கடல் காற்று மேல் பழி! கம்பியைக் காக்க மறந்தது யார்?

சென்னை பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் 2024 டிசம்பரில், அடுக்குமாடி குடியிருப்பின் ஜன்னல் சிலாப் பெயர்ந்து விழுந்து வாலிபர் ஒருவர் பலியானார். அதற்கு 3 வருஷம் முன்பு, 2021 டிசம்பர் 27-ந் தேதி திருவொற்றியூரில் 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள்.

கரையோரக் கட்டிடங்களில் காரை விழுந்தால் உடனே வரும் பதில்: "கடல் காத்து சார், என்ன செய்யறது?" கடல் வந்து மறுப்பு அறிக்கை விடப் போவதில்லை. வசதியாகப் போச்சு!

சிமெண்டின் காரத்தன்மைதான் கம்பிக்குக் காவல்காரன். உப்பு உள்ளே புகுந்தால் காவல் போச்சு. கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். அது உள்ளிருந்து நெட்டித் தள்ளும். முதலில் கம்பி ஓடும் வழியே விரிசல், அப்புறம் பழுப்புக் கறை, கடைசியில் பாளம் பாளமாக விழும்.

தடுக்கும் வழி பரம ரகசியம் அல்ல. கடலோரத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லி மீட்டர், அதாவது ஒண்ணேமுக்கால் அங்குல கான்கிரீட் மூடி இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 விதி. எம்.30 தரத்துக்குக் குறையக் கூடாது. கலப்பு சிமெண்டு என்றால் 10 நாளாவது ஈரம் காயக் கூடாது.

நடப்பது என்ன? பல இடங்களில் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டை முட்டுக் கொடுக்கிறார்கள். ஆள் மிதித்ததும் அது நழுவும். கம்பி சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். கலவை கெட்டியா இருக்குன்னு இன்னொரு வாளி தண்ணீர் ஊத்துவாங்க. மூணாம் நாள் சிலாப்புக்குத் தண்ணீர் விட ஆள் இருக்காது.

பிறகு ரிப்பேர் நாடகம். துருவைச் சுரண்டாமலே மேலே பூசி, சுண்ணாம்பு அடித்து பில் போடுவது! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது.

கான்கிரீட் கொட்டும் முன் என்ஜினீயர் ஸ்கேல் வைத்து அளந்து கையெழுத்துப் போடட்டும். பழைய குடியிருப்புகளில் வருஷா வருஷம் மழைக்கு முன் சிலாப்பைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கட்டும். பொள்ளல் சத்தம் கேட்ட இடத்தை உடனே உடைத்து, துருவை எடுத்துச் சரிசெய்யட்டும்.

சுத்தியலுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். போன உயிருக்கு விலை உண்டா?

மழைக்கு முன் அதிகாரிகள் சுத்தியலை எடுப்பார்களா?