பெயர் அறியாத உணவும் நம் அடுப்பங்கரையும்



வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டு மூன்று நாள்கள் இடியுடன் பெய்துவிட்டால், செஞ்சி வட்டாரத்தின் வரப்புகளிலும் கரையான் புற்றோரங்களிலும் வைக்கோல் போர்களின் அடியிலும் காளான்கள் தலைகாட்டத் தொடங்குகின்றன. அந்த நாள்களில் நம் ஜமாஅத்தின் கைப்பேசிக் குழுக்களிலும் ஒரு கேள்வி முளைக்கின்றது. ஒருவர் படம் ஒன்றை அனுப்பி, ‘இதைச் சமைக்கலாமா?’ என்று கேட்கின்றார். சிறிது நேரத்திற்குள் ‘தாராளமாக’ என்று நால்வர் விடையளிக்கின்றனர். ஐந்தாமவர் காளானைப் பற்றிய நபிமொழி ஒன்றையும் உடன் அனுப்பிவிடுகின்றார். அத்துடன் அது தீர்ப்பாகிவிடுகின்றது. பறித்தவை அடுப்பிற்குச் செல்கின்றன.

இந்த வழக்கம் மார்க்கத்தின் பார்வையிலும் அறிவின் பார்வையிலும் பிழையானது என்பது நம் கருத்து. காளானை அறிய முயல்வது நல்ல செயல்; அதை நாம் ஊக்குவிக்கவே வேண்டும். ஆனால் அரைகுறையாக அறிந்ததை உண்பது வேறு செயல். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு கதவு இருக்க வேண்டும்.

முதலில் அந்த நபிமொழியை எடுத்துக்கொள்வோம். சயீத் பின் ஸைத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. ‘கம்ஆ’ என்பது ‘மன்னு’ வகையைச் சேர்ந்தது என்றும், அதன் நீர் கண்ணுக்கு நிவாரணம் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அது தெரிவிக்கின்றது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் ‘கம்ஆ’ என்னும் சொல்லுக்குக் காளான் என்றே எழுதப்படுகின்றது. தமிழில் அதற்கெனத் தனிச்சொல் இல்லாததால் மொழிபெயர்ப்பாளர்களைக் குறை கூற இயலாது. ஆயினும் படிப்பவர் உள்ளத்தில் தோன்றுவது குடை விரித்த வெள்ளைக் காளானே.

அரபு நாட்டில் ‘கம்ஆ’ என்பது பாலைநிலத்தில் மண்ணுக்கு அடியில் விளையும் ஒரு பூஞ்சை. அதற்குக் குடை இல்லை, காம்பு இல்லை, குடையின் அடியில் காணப்படும் மடிப்புகளும் இல்லை. உருளைக்கிழங்கு போன்ற தோற்றமுடைய அது, பாலைவனத்துச் சிறு செடிகளின் வேர்களோடு இணைந்து வளர்கின்றது. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் சகோதரர்கள், மழை பெய்த ஆண்டுகளில் சந்தையில் ‘ஃபகஅ’ என்ற பெயரில் அது பெருவிலைக்கு விற்கப்படுவதைக் கண்டிருப்பார்கள். இடி மிகுந்தால் அதுவும் மிகும் என்று கருதிய பண்டைய அரபியர் அதற்கு ‘இடியின் செடி’ என்று பொருள்படும் பெயரையும் இட்டிருந்தனர். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கூறுவதும் இதையே ஒத்திருக்கின்றது. ஆனால் நம்பிக்கை ஒன்றாக இருப்பதனால் பொருளும் ஒன்றாகிவிடாது. விதைக்காமலும் உழைக்காமலும் கிடைக்கும் அருட்கொடை என்பதனாலேயே அது மன்னுடன் ஒப்பிடப்பட்டது என அறிஞர்கள் விளக்கியுள்ளனர். அதன் நீரைத் தனியாகக் கண்ணில் இடுவதா, மருந்துடன் கலந்து இடுவதா என்றும் அவர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நம் வயல்வரப்பில் முளைத்ததைப் பிழிந்து கண்ணில் விடுவதற்கு அந்த நபிமொழியில் ஆதாரம் இல்லை. அவ்வாறு எவரும் செய்ய வேண்டாம்.

காளானைப் பற்றிப் பேசும்போது நாம் நினைவுகூர வேண்டிய நபிமொழி வேறொன்று உண்டு. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பொரித்த உடும்பு பரிமாறப்பட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். தமக்கு முன் வைக்கப்படும் உணவு இன்னதெனப் பெயர் கூறப்படும் வரை நபி (ஸல்) அவர்கள் அதன்பால் கை நீட்டுவது அரிது என்று அந்தச் செய்தியில் கூறப்படுகின்றது. அது உடும்பு என்று அங்கிருந்த பெண்மணி ஒருவர் தெரிவித்ததும் அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டபோது, இல்லை, என் சமூகத்தாரின் பூமியில் அது காணப்படவில்லை என்ற கருத்தில் விடையளித்தார்கள். அதனை அறிந்திருந்த காலித் (ரலி) உண்டார்கள்.

இதிலிருந்து நாம் இரண்டு பாடங்களைப் பெறலாம். உணவுக்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு நிலத்திற்கும் அதற்குரிய அறிவு உண்டு என்பது மற்றொன்று.

பெயர் தெரிவது என்றால் என்ன? நம் கோட்டைக்குள் இருக்கும் சஆதத்துல்லா கான் பள்ளிவாசலில் பார்சிக் கல்வெட்டு உள்ளது. கோட்டைக்கு வருவோருள் அதைப் பார்ப்பவர் பலர். படிப்பவர் மிகச் சிலர். காளானும் அவ்வாறே. அதைப் பார்ப்பது எளிது. படிப்பதற்கோ எழுத்துகளைக் கற்றிருக்க வேண்டும். குடையின் வடிவம், அதன் மேலுள்ள செதில்கள், அடிப்புற மடிப்புகளின் நிறம், காம்பில் வளையம் உண்டா, காம்பின் அடியில் கிண்ணம் போன்ற உறை உண்டா, அது மண்ணில் முளைத்ததா அல்லது மரத்திலா, உதிரும் வித்துத்தூள் எந்த நிறம் ஆகியவையே அந்த எழுத்துகள். ஒன்றை விட்டாலும் சொல் மாறிவிடும்.

நம் பகுதியில் விரும்பி உண்ணப்படுவது புற்றுக்காளான். கரையான்கள் தம் புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் வளர்க்கின்றன. மழைக்காலத்தில் அத்தோட்டத்திலிருந்து மேலெழுவதே அக்காளான். பெரிய வகைகளில் குடையின் நடுவில் கூர்மையான மேடு இருக்கும். காம்பு மண்ணுக்குள் வேர்போல நீண்டு புற்றின் ஆழம் வரை செல்லும். வித்துத்தூள் இளஞ்சிவப்புச் சாயலில் இருக்கும். இதனைப் போலவே மழைக்குப் பின் புல்தரைகளில் பெரிய வெண்குடையாக விரிவது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் நச்சுக்காளான். இளமையில் அதன் மடிப்புகளும் வெண்மையாகவே இருக்கும். முதிர்ந்த பின்னரே அவை பசுஞ்சாம்பல் நிறம் பெறும்; வித்துத்தூளும் பச்சையாக இருக்கும். அதை உண்டவர்கள் சில மணி நேரத்தில் கடும் வாந்திக்கும் வயிற்றுப்போக்கிற்கும் ஆளாவர். படத்தில் மேலிருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளைக் குடைகளே. வேறுபாடுகள் அடிப்புறத்திலும் மண்ணுக்குள்ளும் இருக்கின்றன. அவை குழுவில் வந்த படத்தில் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே நம் வீடுகளில் சில சோதனைகள் வழங்கி வருகின்றன. வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு. பூண்டோ அரிசியோ நிறம் மாறினால் நஞ்சு. பூச்சி தின்றிருந்தால் நல்லது. வெள்ளையாக இருந்தால் நல்லது. நன்றாகக் கொதிக்க வைத்தால் எந்த நஞ்சும் போய்விடும் என்பன அவை. இவற்றுள் ஒன்றும் உண்மையன்று. உயிர்கொல்லும் அமானிட்டா வகைகளின் நஞ்சு வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை. கொதித்தாலும் உலர்த்தினாலும் அழிவதில்லை. நத்தைக்கும் பூச்சிக்கும் கேடு செய்யாதது மனிதனின் கல்லீரலை அழிக்கக்கூடும்.

அந்த நஞ்சின் கொடுமை அதன் தாமதத்தில் உள்ளது. உண்டு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாள் வரைகூட, எவ்வித அறிகுறியும் இராது. சுவையாகவும் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை என்று வீட்டார் நிம்மதியடைவர். பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அடுத்த நாள் சற்றுக் குறைந்ததுபோலத் தோன்றும். அந்த இடைவேளையில் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அஸ்ஸாமின் மேல் மாவட்டங்களில் காட்டுக் காளான் உண்டு, சில நாள்களுக்குள் 13 பேர் திப்ருகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடும்பத்தினர், குழந்தையும் ஒன்று. வீட்டார் ஒன்றாக அமர்ந்து உண்ட ஒரு வேளை உணவே அது.

‘எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து உண்டு வருகின்றோம்’ என்று சிலர் கூறுவர். அதை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆண்டுதோறும் அதே புற்றில், அதே மழையில் முளைப்பதைப் பெற்றோருடன் சென்று பார்த்துப் பழகிய இருளர் குடும்பத்தாரின் அறிவு மதிப்பிற்குரியது. நம் மதரஸாக்களில் ஆசிரியரின் வாய்மொழியைக் கேட்டு, ஓதிக் காட்டி, அதன் பின்னரே இஜாஸத் பெறுவதைப் போன்றது அது. ஆயினும் அந்த அறிவுக்கு எல்லை உண்டு. அது அந்த நிலத்திற்குரியது, அதைக் கற்றவருக்குரியது. பக்கத்துத் தெருவில் இருப்பதனால் மட்டும் அது நமக்கு வந்துவிடாது. நிலம் மாறினால் கற்றவருக்கும் அது துணை நிற்காது. 2011ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் சமைக்கப்பட்ட நச்சுக்காளானை உண்டு, சீனாவைச் சேர்ந்த சமையற்கலைஞர் உட்பட இருவர் இறந்தனர். ஆசிய நாடுகளில் உண்ணப்படும் வைக்கோல் காளான் என்று எண்ணியே அதைப் பறித்திருந்தனர். ‘என் சமூகத்தாரின் பூமியில் இல்லாதது’ என்ற அந்தச் சொல்லின் ஆழத்தை, வெளிநாடுகளில் வாழும் நம் குடும்பத்தார் குறிப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைப்பேசிச் செயலி கூறிவிடுமே என்பது இளைஞர்களின் வாதம். 2023ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில் மூன்று செயலிகளுக்கு 78 காளான்களின் படங்கள் காட்டப்பட்டன. மூன்றுள் சிறந்தது என்று கண்டறியப்பட்ட செயலியும் ஏறத்தாழப் பாதியையே சரியாக இனங்கண்டது. பாதி சரியாகச் சொல்லும் ஒருவரின் சாட்சியத்தை நம் காஜியார் எந்த வழக்கில் ஏற்பார்?

சாட்சியம் என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்துகின்றோம். ‘தாராளமாகச் சமைக்கலாம்’ என்று குழுவில் எழுதுபவர் ஓர் உயிரின் மீது சாட்சியம் அளிக்கின்றார். மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால் நேரும் கேட்டிற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் நபிமொழி உள்ளது. காளானைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுபவருக்கும் இது பொருந்தும் என்றே நாம் கருதுகின்றோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்கப்பட்டபோது, பெரும்பாலானவற்றுக்கு ‘லா அத்ரீ’, எனக்குத் தெரியாது என்றே விடையளித்தார்கள் என வரலாறு கூறுகின்றது. மதீனாவின் இமாமுக்கு இழுக்காகாத அச்சொல், நம் குழுவினருக்கு ஏன் நாவில் வர மறுக்கின்றது?

அவ்வாறாயின் காளானைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வதா? இல்லை. நம் பிள்ளைகள் அதைப் படைத்தவனின் அத்தாட்சியாகக் கற்கட்டும். முதிர்ந்த காளானின் குடையைக் காம்பு நீக்கி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின் மீது கவிழ்த்து, ஒரு கிண்ணத்தால் மூடி இரவு முழுவதும் விட்டு வையுங்கள். காலையில் வித்துத்தூள் மடிப்புகளின் வரிசையிலேயே அழகிய கோலமாகப் படிந்திருக்கும். அதன் நிறத்தையும், முளைத்த இடத்தையும், நாளையும் குறித்துவைத்துப் படம் வரையட்டும். தொட்டதனால் நஞ்சு ஏறாது. கையைக் கழுவினால் போதும். கோட்டை வளாகத்திலும் காப்புக்காட்டிலும் எதையும் பறிக்காமல் பார்த்து வந்தால் போதுமானது. இந்த அறிவு தட்டுக்கு வர வேண்டும் என்ற அவசரம் இல்லாதபோதுதான் பொறுமையாக வளரும்.

உண்பதற்கோ வேறு வழி இருக்கின்றது. சிப்பிக் காளானும் மொட்டுக் காளானும் பால் காளானும் சந்தையில் கிடைக்கின்றன. பால் காளான் 1974ஆம் ஆண்டில் மேற்கு வங்கத்திலிருந்து அறிவியல் உலகிற்கு அறிமுகமானது. பின்னர் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் தமிழகத்தில் வளர்ப்புப் பயிராயிற்று. அறிந்தவர்கள் பெயரிட்டு, ஆராய்ந்து, வளர்த்துத் தந்தது அது. ஹலாலானதை மட்டுமன்றித் தூய்மையானதையும் உண்ணுமாறு இறைமறை ஏவுகின்றது. காளான் இனம் ஆகுமானதே. எனினும் உடலுக்குக் கேடு தருவது ‘தய்யிப்’ ஆகாது. சந்தேகமானதை விட்டுச் சந்தேகமற்றதன்பால் செல்லுங்கள் என்ற நபிவழிக்கு இதைவிடத் தெளிவான இடம் ஏது?

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. கணவரோ மாமனாரோ மகனோ பறித்து வந்தார் என்பதற்காக, பெயர் தெரியாததைச் சமைக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மறுப்பது மரியாதைக் குறைவும் அன்று. அந்த வீட்டாரின் உயிருக்கான அமானிதம் அது. உடும்பின் பெயரைச் சொன்னவரும் ஒரு பெண்மணியே என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

காட்டுக் காளானை உண்ட எவருக்கேனும் வாந்தியோ வயிற்றுவலியோ தோன்றினால் கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் 108ஐ அழையுங்கள். சமைத்ததில் எஞ்சியதையும், சமைக்காத காளான் இருந்தால் அதையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். எப்போது உண்டீர்கள் என்பதைச் சரியாகக் கூறுங்கள். உடன் உண்டவர்கள் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். சற்றுத் தேறியதுபோலத் தெரிந்தாலும் மருத்துவர் விடுவிக்கும் வரை வீடு திரும்ப வேண்டாம்.

அறிந்ததைக் கூறவும், அறியாததை அறியேன் என்று கூறவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. நம் பிள்ளைகளையும் நம் அடுப்பங்கரைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.