சீமெந்து பட்டால் படிச்ச கை குறைந்து போகுமா?



நம்முடைய ஊரில் ஒரு குமரைக் கரைசேர்க்க வீடு கட்ட வேண்டும். தெரிந்த கதைதான். இப்போது வீடு மட்டும் காணாது, தரைக்கு மாபிளும் பதித்திருக்க வேண்டும். (நாம் மாபிள் என்று சொன்னாலும் அது டைல்ஸ்தான்.) சம்பந்தம் பேச வருகிறவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முதல் தரையைப் பார்க்கிறார்கள். உம்மாவின் காப்பு ஈட்டுக்குப் போகிறது. வாப்பா கட்டாரில் இன்னும் இரண்டு வருடம் நிற்கிறார். 2022 இல் ரூபாய் விழுந்தபோது ஏறிய சாமான் விலை இன்னும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

சீதனத்தைப் பற்றி எழுதி எழுதிக் கை உளைந்துவிட்டது, அதை இன்னொரு நாள் பார்ப்போம். இன்று கேட்பது வேறு. அந்தத் தரையை அந்த வீட்டு ஆம்பிளைகளே ஏன் பதிக்கக் கூடாது?

கேட்டால் பதில் ஆயத்தமாக இருக்கிறது: "படிச்ச பிள்ளையை மேசன் வேலைக்கு விடவா?" மஸ்ஜிதுந் நபவி கட்டும்போது நபி (ஸல்) அவர்கள் தாங்களும் கல் சுமந்தார்கள் என்று குத்பாவில் கேட்டுத் தலையாட்டுகிறோம். வீட்டுக்கு வந்ததும் சீமெந்து மூட்டையைத் தொட்டால் கௌரவம் போய்விடும் என்கிறோம். சாதாரண தரம் எழுதிவிட்டு மூன்று மாதம் சந்தியில் போனைத் தடவிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பைதகரசின் தேற்றம் தெரியும். அறையின் மூலை மட்டமா என்று மூன்றடி, நாலடி அளந்து குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்க்கத் தெரியாது. அவனுக்குப் படிப்பித்த எங்களைப் போன்ற ஆசிரியர்களும் அதைத் தரையில் போட்டுக் காட்டுவதில்லை.

வேலை ஒன்றும் மந்திரம் அல்ல. 10 அடிக்கு 12 அடி அறையை எடுங்கள். 2 அடி டைல்ஸ் என்றால் 30 காணும் என்று நினைப்போம். ஆனால் பெட்டியில் இருப்பது 60 சென்ரிமீற்றர், 2 அடியை விடச் சற்றுக் குறைவு. 31 வேண்டும். வெட்டுச் சேதத்துக்கு நூற்றுக்கு 10 சேர்த்தால் நான்கு கொண்ட பெட்டி 9. எல்லாப் பெட்டியிலும் ஒரே லொட் இலக்கமா என்று கடையிலேயே பாருங்கள், இல்லாவிட்டால் நிறம் மாறும். சாந்து குழைக்க முதல் நடு அறையிலிருந்து வெறுமனே அடுக்கிப் பாருங்கள், அப்போதுதான் ஒரு சுவரோரம் மட்டும் மெல்லிய கீலமாக வந்து நிற்காது. பழைய சிவப்புச் சீமெந்துத் தரை என்றால் பொலிஷைச் சுரண்டி எடுத்து, மேலே கொத்திவிட்டுத்தான் பதிக்க வேண்டும். மெழுகில் எதுவும் பிடிக்காது. சீமெந்துச் சாந்தில் பதிக்கும் செராமிக்கைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். டைல் மோட்டார் என்றால் பக்கட்டில் எழுதியிருப்பதை வாசியுங்கள், அது நமக்கு வராத பழக்கம்.

அவசரத்தில் நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து உருண்டை சாந்து வைத்து அமத்திவிட்டுப் போகிற வேலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தட்டினால் பொள்ளென்று கேட்கும். கட்டில் கால் பட்டால் வெடிக்கும். சுவரோரம் இடைவெளியே விடாமல் இறுக்கிப் பதித்த தரை சூட்டுக்குப் படீரென்று எழும்பியதையும் கண்டிருக்கிறோம். சாந்தை முழுக்கப் பரப்ப, சுவரோரம் ஒரு சின்ன இடைவெளி விட, ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்கத் தேவை திறமையை விடப் பொறுமை. சொந்த வீடு என்றால் அது இருக்கும்.

"மேசன்மாரின் பிழைப்பில் மண் போடுகிறீர்களே" என்று ஒரு சகோதரர் கேட்டார். மண் போடுகிறவர் யார்? பேசிய கூலியை வேலை முடிந்த பிறகு குறைப்பவர், நாலு வெள்ளிக்கிழமை அலையவிட்டுக் கொடுப்பவர். நாங்கள் சொல்வது, நல்ல மேசனார் ஒருவரை முதல் நாள் கூப்பிட்டு முழுக் கூலியையும் கையில் கொடுத்து, முதல் வரியை அவரோடு சேர்ந்து பதியுங்கள். குளியலறையை முழுதாக அவரிடமே விடுங்கள். தண்ணீர் வாட்டமும் கசிவும் யூடியூப் பார்த்துப் பழகுகிற இடம் இல்லை.

கிரைண்டரால் காய்ந்த டைல்ஸை வெட்டும் தூசு சுவாசப்பையைத் தின்னும். தண்ணீர் விட்டு வெட்டுங்கள், அல்லது கையால் இழுக்கும் கட்டர் எடுங்கள். மாஸ்க்கும் கையுறையும் வேண்டும், ஈரச் சீமெந்து தோலைப் பொசுக்கும்.

எங்கள் வீட்டு முன் அறையைச் சென்ற விடுமுறையில் பிள்ளைகளோடு நாங்கள்தான் பதித்தோம். கட்டர், லெவல், ரப்பர் சுத்தியல் எல்லாம் சும்மா கிடக்கின்றன. தேவையானவர்கள் அஸருக்குப் பிறகு வந்து எடுத்துக்கொண்டு போகலாம். வாடகை வேண்டாம். சாந்தைக் கழுவித் திருப்பித் தாருங்கள்.